அரிசியும் வெஞ்சனமும்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, நம் பகுதியில் ரேஷன் அட்டை இருந்த பெரும்பாலான வீடுகளில் அரிசிப் பானை காலியாகவில்லை. 2011 முதலே நியாய விலைக் கடைகளில் விலையில்லாமல் தரப்பட்டுவந்த அரிசியோடு, ஏப்ரலிலிருந்து ஆளுக்கு 5 கிலோ என்ற மத்திய அரசின் ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. குறைந்தது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம்தான். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்களுக்குப் பீடி இலையும் தூளும் வருவது நின்றதும், மடியிலிருந்த சுளகு சுவரோரம் சாய்ந்தது. வாரக் கூலி வராத வீட்டில் முதலில் மீன் நின்றது, பிறகு முட்டை, அதன்பின் காய்கறி. காலையில் பழைய சோறும் மிளகாயும், இரவில் சோறும் ரசமும் என்று நாளை ஓட்டிய குடும்பத்தை எந்தப் பட்டினிக் கணக்கிலும் காண முடியாது. வயிறு நிறைந்துதானே இருந்தது!

அதே வாரங்களில் களக்காட்டில் ஏத்தன் (நேந்திரன்) வாழைத் தார்கள் மரத்திலேயே பழுத்தன. கேரளச் சந்தையை நம்பி நட்ட காய், எல்லையிலுள்ள புளியரை வழியாகப் போகும் லாரிகள் குறைந்ததும் வெட்டுக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் போயிற்று. உணவுப் பொருள் போக்குவரத்துக்குத் தடையில்லை என்று ஆணை இருந்தது உண்மைதான். ஆனால் ஓட்டுநரையும் சுமை தூக்குபவரையும் வாங்குபவரையும் ஆணை கொண்டுவந்து நிறுத்தாது. களக்காட்டுக்கும் முக்கூடலுக்கும் இடையே பெரிய தூரமில்லை. இருந்தும் இங்கே மிஞ்சியதை வாங்கி அங்கே சேர்க்க ஒரு கை இல்லை.

அந்தக் கையைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் விரிந்த சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு என்று ஊர்தோறும் நமக்கு அடுப்புகள் இருக்கின்றன. இவற்றுக்கான காய்களில் ஒரு பங்கையாவது சுற்றுவட்டார உழவர்களிடம், முன்கூட்டியே பேசிய விலைக்கு வாங்கினால், வெளியூர்ச் சந்தை அடைபடும் காலத்திலும் அவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். பள்ளிகள் மூடப்பட்டாலும் கொள்முதல் நிற்காமல், காயும் வாழைக்காயும் அங்கன்வாடி வழியாக வீடுகளுக்குப் போக ஏற்பாடு வேண்டும்.

ரேஷன் கடையின் பட்டியலையும் திரும்பப் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. தோல் உளுந்து போட்டுப் பொங்கிய சோறும் எள்ளுத் துவையலும் நம் வீட்டுச் சாப்பாடு. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பதும் இங்கே வழக்கம். ஆனால் கடையில் நமக்குக் கிடைப்பதோ கப்பலேறி வந்த பாமாயில். நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023-இல் அரிசிக்கு ஈடாகக் கேழ்வரகைக் கொடுத்துப் பார்த்த அரசு, நம் மானாவாரிக் காட்டு உளுந்தையும் இங்கே அப்படிக் கொடுத்துப் பார்க்கலாம்.

இதில் சிக்கலான இடம் பணப் பட்டுவாடா. வியாபாரி விலையைக் குறைத்தாலும் தார் வெட்டிய அன்றைக்கே பணத்தை எண்ணி வைக்கிறார். அரசு தரவேண்டிய பணம் மாதக் கணக்கில் இழுத்தால் உழவர் மறுபடி அவரிடமே போவார். உழவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே கொள்முதல் செய்த ஒரு வாரத்துக்குள் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட வேண்டும் என்பதை முதல் விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.