எருக்கம் பஞ்சும் மான் பரணும்

நேயர்களுக்கு வணக்கம்.

மான் வேட்டையைப் பற்றிப் பேச ஒருவனை அழைத்திருக்கிறார்கள் என்றதும் உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். நியாயம்தான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைச் சுட்டவனுக்குச் சிறைதான். நான் பேசப்போவது பல ஆண்டுகளாக நான் வாழும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைப் பற்றி. அங்கே வெள்ளைவால் மான் மக்காச்சோளக் காட்டில் மேய்கிறது, இரவில் கார்களின் குறுக்கே பாய்கிறது. நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம். உரிமம் வாங்கியவர் மானைச் சுடலாம், சமைக்கலாம், அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். விற்க மட்டும் கூடாது.

வேட்டை சரியா தவறா என்ற வழக்கை இன்று எடுக்கப்போவதில்லை. ஒரு சின்ன விஷயம்தான். முன்பின் தெரியாத ஒருவருடைய விளைநிலத்தில் வேட்டையாட அனுமதி கிடைத்துவிட்டது. பரணை எங்கே கட்டுவது?

முதல் ஆண்டு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மாநிலத்தின் தென்மேற்கில், வெர்னான் கவுண்டியில், பால்மாடு வைத்திருக்கும் ஒரு முதியவரின் நிலம். அறுவடை முடிந்த சோளக்காட்டின் ஓரத்தில் தடம் தடமாகக் குளம்புச் சுவடு. அங்கங்கே கறுப்பு மொச்சை போலப் புழுக்கை. இளமரங்களில் ஆண் மான் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரித்த அடையாளம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அந்த ஓரத்திலேயே ஓக் மரமொன்றில் ஏணிப் பரணைச் சாத்திவிட்டேன். பருவம் தொடங்கிய சனிக்கிழமை, விடிவதற்கு ஒன்றரை மணி முன்பே வாயிற்கதவருகே வண்டியை நிறுத்தி, டார்ச் அடித்துக்கொண்டு சோளக்காட்டை நேர்குறுக்காகக் கடந்தேன். பாதி தூரம் போயிருப்பேன், இருட்டுக்குள்ளிருந்து பலத்த தும்மல் மாதிரி ஒரு சீறல். பிறகு இன்னொன்று. டார்ச்சைத் திருப்பினால் ஏழெட்டு வெள்ளை வால்கள் விசிறி போல விரிந்து மேட்டின் மேல் ஏறி மறைகின்றன. அன்று மாலை வரை பரணில் உட்கார்ந்து அணில்களை எண்ணினேன்.

மான் எங்கே மேய்கிறது என்பதைக் கண்டுபிடிக்கச் சாமர்த்தியம் தேவையில்லை. புழுக்கையைப் பார்த்தால் குழந்தையும் சொல்லும். அதற்குத் தெரியாமல் நான் எப்படிப் போவேன், எப்படித் திரும்புவேன் என்பதுதான் கேள்வி. அதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அந்த நிலத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி பெரும்பாலும் பனியாறுகள் இழைத்துத் தட்டையாக்கிய பூமி. இந்த மூலையை மட்டும் அவை தொடவில்லை. அதனால் செங்குத்தான சரிவுகள், குறுகிய பள்ளத்தாக்குகள். 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் நாட்டைச் சதுர மைல் சதுர மைலாகக் கோடு போட்டு வெட்டியது. ஒரு சதுரம் 640 ஏக்கர், அதைப் பதினாறாகப் பிரித்தால் நாற்பது ஏக்கர். இன்றும் விவசாயிகள் கொல்லைக்கடைசி நிலத்தைப் ‘பின் நாற்பது’ என்றுதான் சொல்வார்கள். வரைபடத்தில் எல்லாம் சதுரம். மலையும் ஓடையும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படுவதில்லை, மானும்தான்.

இதே வட்டாரத்துக் கூன் (Coon) பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் சரிவு முழுக்க மாடு மேய்த்து, உழுது, மண் கரைந்து ஓடிற்று. 1933இல் நாட்டின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதி மண்பாதுகாப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. மேட்டின் வளைவையொட்டிச் சோளம் ஒரு பட்டை, குதிரைமசால் ஒரு பட்டை என்று மாற்றி மாற்றி விதைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். செங்குத்துச் சரிவில் மாடு ஏறக் கூடாது என்று வேலி போட்டார்கள். மாடு போன இடத்தில் மரம் வளர்ந்தது. மேட்டு உச்சியிலும் பள்ளத்திலும் தீனி, நடுச்சரிவில் ஓக் காடு. பகலில் மான் படுப்பது அந்தக் காட்டில்தான். மண்ணைக் காக்கப் போட்ட வேலி மானுக்குப் படுக்கையறை கட்டிக்கொடுத்திருக்கிறது.

அதுவும் கண்ட இடத்தில் படுக்காது. உச்சிக்குச் சற்றுக் கீழே, காற்று மறைவுப் பக்கத்தில், கீழே பார்த்துக்கொண்டு படுக்கும். முதுகுப் பக்கத்து வாசனையைக் காற்று மேட்டைத் தாண்டிக் கொண்டுவந்து கொடுக்கும். முன்பக்கத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். நம் ஊர்க் காவல்காரர்கள் இதைவிடச் சொகுசாகத் திட்டமிட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாம் ஆண்டு ஆகஸ்டிலேயே போனேன். துப்பாக்கி இல்லை, கையில் வைக்கோல் கட்டுத் தூக்கும் உறை மட்டும். இரண்டு நாள் வைக்கோல் அடுக்கிக் கொடுத்த பிறகு கேட்டேன்: “ஐயா, மான் எங்கே இருக்கும்?” அவர் சிரித்துவிட்டார். “அது எனக்கெப்படித் தெரியும்? டிராக்டரில் போகும்போது எங்கே வேலியைத் தாண்டுகிறது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.” வடகிழக்கு மூலையில் மேல்கம்பி தொய்ந்து கிடக்கும் ஓரிடத்தைக் காட்டினார். அருகே போய்ப் பார்த்தேன். முள்கம்பியின் முடிச்சில் பழுப்பும் வெள்ளையுமாக நாலைந்து மயிர் சிக்கியிருந்தது. என் செல்பேசியில் இருந்த செயற்கைக்கோள் படம், உயரக்கோட்டு வரைபடம் எதிலும் அந்தத் தொய்வு இல்லை. அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவரிடமும் கேளுங்கள். கடைசி நாலு வரிசை சோளத்தை வெட்டும்போது எந்தத் திசையில் மான் பாய்ந்து ஓடியது என்பது அவருக்கு நினைவிருக்கும்.

அடுத்தது காற்று. நம் மொழியில் நாலு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர்: வாடை, தென்றல், கொண்டல், கோடை. அந்த ஊர் நவம்பரில் குளிர் இறங்கும் நாட்களில் வாடையும் கோடையும் கலந்து வடமேற்கிலிருந்து வீசும். ஆனால் வானிலை அறிக்கை சொல்லும் காற்று மேட்டு உச்சிக்குத்தான் பொருந்தும். சரிவுக்குத் தனிக் கணக்கு. காலை வெயில் பட்டதும் சரிவின் காற்று சூடாகி மேலே ஏறும். பொழுது சாயும்போது குளிர்ந்து, தண்ணீர் போலப் பள்ளத்தை நோக்கி வழியும். ஆகவே காலையில் மேலே உட்கார வேண்டும், மாலையில் கீழே. ஒரே பரணில் நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு பொழுதாவது உங்கள் வியர்வை வாசனை மானின் மூக்குக்குப் போய்ச் சேரும்.

இதைக் கண்ணால் பார்க்க அங்குள்ளவர்கள் ‘மில்க்வீட்’ என்ற செடியின் காய்ப் பஞ்சைப் பையில் வைத்திருப்பார்கள். முதன்முதலில் ஒருவர் உடைத்துக் காட்டியபோது எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. எருக்கங்காய்! அதே பட்டுப் பஞ்சு, அடியில் அதே தட்டை விதை. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். சின்ன வயதில் ஊதி விளையாடிய அதை இங்கே ஆளாளுக்குக் கருவியாக வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் மாலையொன்றில் நான் பார்த்துவைத்த மரத்தடியில் நின்று ஒரு இழையை விட்டேன். தலைக்கு மேலே கிழக்காக மிதந்தது. இருபது அடி போனதும் தயங்கி நின்று, மெல்ல இறங்கி, ஓடையின் வளைவை நோக்கிப் போய் மறைந்தது. ஓடை வளைவில்தான் மான்கள் கடக்கும் துறை. அந்த மரத்தை அத்தோடு விட்டேன்.

கடைசியில் பரண் போனது ஓடைக்கு இந்தப் பக்கம், துறைக்கும் வேலித் தொய்வுக்கும் நடுவில், தடத்திலிருந்து எண்பதடி தள்ளி. போகும் வழி ஓடைக்குள்ளேயே: முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்தால் மண்ணில் வாசனை ஒட்டாது, சத்தத்தையும் ஓடையே மூடிவிடும். சோளக்காட்டை மிதிக்கவே வேண்டாம். தூரம் இரண்டு மடங்கு. முதல் ஆண்டு நான் குறுக்கே போனதற்கு அதுதான் காரணம்.

இன்னும் இரண்டு வார்த்தை. மரத்தில் ஏறும்போதே முழு உடலையும் பிடிக்கும் பாதுகாப்பு வார்க்கச்சையை மாட்டிவிடுங்கள். பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் எல்லாப் பருவத்திலும் உண்டு. மேட்டு விளிம்பில் வானத்தை ஒட்டி நிற்கும் மானைச் சுடாதீர்கள். விளிம்புக்கு அப்பால் தொழுவம் இருக்கலாம், பள்ளி பஸ் வரலாம். பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு மேலாடை அங்கே சட்டம். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் பச்சையிலிருந்து பிரிந்து தெரியாது, மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். 2002 முதல் அங்கே மான்களிடம் மூளையை அரிக்கும் ஒரு நோய் இருக்கிறது. சுட்டதைச் சமைக்குமுன் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை காத்திருப்பது என் வழக்கம்.

அந்த ஆண்டு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மூன்று பெண் மான்கள் துறையில் இறங்கின. முதல் மான் தண்ணீரில் முன்னங்காலை வைத்து, காதை என் பக்கம் திருப்பி, வெகுநேரம் நின்றது. பஞ்சை விட்டேன். எனக்குப் பின்னால் போனது. மான் தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்தது.

பெரியவர் இந்த வருடம் ஓடைக்கரைச் சோளத்தை விட்டுவிட்டுச் சோயா போடுகிறாராம், வேலிக் கம்பியையும் இழுத்துக் கட்டிவிட்டாராம். ஆகஸ்டில் மறுபடி வைக்கோல் அடுக்கப் போக வேண்டும்.

நன்றி, வணக்கம்.