6ஆவது நாளும் 43 கச்சானும்

வணக்கம் உறவுகளே. இன்றைக்குத் தூண்டில் இல்லை, மீனும் இல்லை. வழக்கம்போல மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலத்தில்தான் நிற்கிறேன், ஆனால் கையில் இருப்பது கச்சான் சரை, நிலக்கடலைப் பொட்டலம். ஏன் என்று சொல்கிறேன், பொறுங்கள்.

கொடுவா பிடித்த வீடியோ ஞாபகம் இருக்கிறதா? நான் கமெராவுக்குப் பின்னால் நின்ற நேரம், ஓரத்தால் புகை போகிறது என்று ஒருவர் நிமிடம், செக்கன் எல்லாம் போட்டு எழுதியிருந்தார். அம்மாவும் அதை வாசித்துவிட்டா. சரி, பிடிபட்டாயிற்று. சிகரட்டை விட்டு இன்றைக்கு 6ஆவது நாள்.

தனியாக விட்டேன் என்று பெருமை அடிக்க மாட்டேன். போன வருசம் தனியாக விட்டு, இரண்டாம் நாள் மாலையே கடை வாசலில் நின்றவன் நான். இந்த முறை மூன்று பேர் சேர்ந்து விட்டோம்: நான், காத்தான்குடி நானா ஒருவர், செங்கலடித் தம்பி ஒருவன். வாட்ஸப்பில் ஒரு குழு, ஒரே ஒரு சட்டம். யாருக்கு ஆசை முட்டுகிறதோ அவர் ஒரு வொயிஸ் போட வேண்டும், மற்ற இரண்டு பேரில் ஒருவர் உடனே எதையாவது கதைக்க வேண்டும். புத்திமதி சொன்னால் 100 ரூபாய் தண்டம். நான் இதுவரை 300 கட்டியிருக்கிறேன், அது வேறு கதை.

ஏன் உடனே என்றால், அந்த ஆசை மூன்று, நான்கு நிமிடம்தான் நெஞ்சில் ஏறி நிற்கும், மிஞ்சினால் ஐந்து. அதற்குள் யாராவது மாட்டு விலையைக் கதைத்தால்கூடப் போதும், இறங்கிவிடும். மறுகா திரும்ப வரும், அது வேறு. இரண்டாம், மூன்றாம் நாள்தான் சனியன். தலைவலி, நித்திரை இல்லை, ஓட்டோ ஹோர்ன் அடித்தாலே சண்டைக்குப் போகிற மாதிரி ஒரு கோபம்.

நானா சொன்ன ஒரு கதை மண்டையில் ஒட்டிவிட்டது. "நோன்புக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல தண்ணியும் இல்லாம இருக்கிறன், சிகரட் நினைப்பே வாறல்ல. கஞ்சியக் குடிச்ச கையோட தீப்பெட்டியத் தேடுறன். அப்ப கேடு எங்க இருக்கு, சொல்லுங்க பாப்பம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் எனக்கும் கேடு பிளேன்டீயில்தான் இருந்தது. கோப்பையைக் கையில் எடுத்தால் மற்றக் கை தானாகப் பொக்கற்றுக்குள் போகிறது.

அதனால்தான் கச்சான். கைக்கு ஒரு வேலை வேண்டுமே, கோதை உடைக்கலாம் என்று நினைத்தேன். இனித்தான் எனக்கு எரிச்சல் வந்த இடம். மூன்றாம் நாள் இரவு ஒரு சரை 100 ரூபாய்க்கு வாங்கினேன். நித்திரை வராததால் மேசையில் கொட்டி எண்ணினேன். 43. அதில் 11 சொத்தை, இரண்டில் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அடுத்த நாள் போய் அந்த ஐயாவிடம் கேட்டே விட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டார். வெற்றி! வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ஒரு சிகரட்டுக்கு 150க்குக் கிட்டக் கேட்டாலும் வாய் திறக்காமல் நீட்டினவன், கச்சானுக்கு எண்ணிக் கணக்குக் கேட்கிறேன்.

அடடா, சுவிங்கத்தை மறந்துவிட்டேன். நிக்கொட்டின் சுவிங்கம், பார்மசியில் விற்பது. நாலாவது பார்மசியில்தான் கிடைத்தது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு இருக்கிறது. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட்டைப் பத்துகிற ஆளுக்கு 4. நான் கண் திறக்க முன்னமே தீப்பெட்டியைத் தடவுகிறவன், ஆகவே 4. சும்மா சுவிங்கம் மாதிரிச் சப்பித் தள்ளினேன். பஸ்ஸில் ஏறாவூர் வரைக்கும் விக்கல், பக்கத்தில் இருந்த ஆச்சி முதுகில் தட்டிக்கொண்டே வந்தா. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டுமாம். தாளில் எழுதித்தான் இருந்தது. யார் வாசிக்கிறது?

பிளேன்டீயிலும் ஒரு விசயம் இருக்கிறது. சிகரட் புகை உள்ளே போகிற வரைக்கும் ஈரல் கஃபீனைக் கெதியாக உடைத்துத் தள்ளுமாம். புகையை நிறுத்தினால் அதே தேயிலை கூட நேரம் உடம்பில் நிற்கும். நான் ஐந்து கோப்பை குடித்துவிட்டுக் கை நடுங்கியதை எல்லாம் சிகரட் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு கோப்பை, நடுக்கம் குறைவு. இன்னொன்று, பெரியம்மா வெற்றிலை மடித்து நீட்டினா, புகையிலை வைத்து. அதிலும் நிக்கொட்டின்தானே! கும்பிட்டுவிட்டு எழும்பிவிட்டேன்.

நாலாம் நாள் இரவு இரண்டு மணிக்குத் தம்பியின் வொயிஸ் வந்தது. பாதி அடித்துவிட்டானாம், குரல் உடைந்து போயிருந்தது. நான் புத்திமதி சொல்ல வாயெடுக்க முன்னம் நானா முந்திக்கொண்டார். "மிச்சப் பாதிய என்ன செஞ்சாய்?" எறிந்தானாம். "அப்ப சரி, எண்ணுறத முதல்ல இருந்து தொடங்காத. நாளைக்கு 5ஆம் நாள்." அவன் அழுதானா சிரித்தானா என்று இன்னும் விளங்கவில்லை. அவனுக்கு இன்றைக்கும் 6ஆவது நாள்தான், யாரும் மறுத்துக் கதைக்கக் கூடாது.

இப்படி ஆட்கள் கிடைக்காதவர்கள் 1948 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் பாருங்கள், புகையை விட விரும்புகிறவர்களுக்காகத்தான் அது இருக்கிறது.

சரி, கொமெண்டில் வாழ்த்தெல்லாம் வேண்டாம். அடுத்த கிழமை இதே இடத்தில் நான் புகைவிட்டால் வெட்கமாக இருக்கும். கல்லடிக்கும் அரசடிக்கும் இடையில் சொத்தை இல்லாத கச்சான் எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். இந்தச் சரையிலும் 5 வந்துவிட்டது.