பன்னாடையில ஒரு அச்சு

வணக்கம் எல்லாருக்கும். மாங்குளத்தில இருந்து கதைக்கிறன். பின்னால இரையிறது கச்சான் காத்து, ஜன்னலைச் சாத்தினாலும் விடாது. அதால கொஞ்சம் சத்தமாத்தான் கதைப்பன்.

போன வீடியோவில காட்டின அச்சுப் படத்தைப் பாத்திட்டு கனபேர் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, இது என்ன?" மரமோ, குளமோ, வலையோ எண்டு. அது ஒண்டுமில்லை. இது எப்பிடி வந்தது எண்டு கேளுங்கோ, எனக்குச் சொல்ல நிறைய இருக்கு. அருவ அச்சை, அதாவது ஒரு பொருளின்ர உருவத்தைக் காட்டாத அச்சை, 'எப்பிடி வந்தது' எண்ட கேள்வியோடதான் பாக்கவேணும் எண்டு நினைக்கிறன்.

கிட்ட வாங்கோ. இது பன்னாடை, பனை மட்டையின்ர அடியில எடுத்தது. இழையளைப் பாருங்கோ: ஒண்டு மேல, ஒண்டு கீழ, தறியில நெய்த மாதிரி. ஆனா ஒண்டும் நேர்க்கோடில்லை. இதைக் கார்ட்போர்ட்டில பசை போட்டு ஒட்டி, வார்னிஷ் பூசிக் காயவிட்டிருக்கிறன். இதுதான் அச்சுத் தட்டு. பூசாட்டி அட்டை மையைக் குடிச்சிடும். இந்த முறைக்கு கொலாகிராஃப் எண்டு பேர். மர அச்சில செதுக்கி எடுப்பம், இதில ஒட்டி ஒட்டிக் கூட்டுறம்.

இப்ப மை போடுறன். ரோலரின்ர சத்தத்தைக் கேளுங்கோ. இந்தச் சரசரப்பு வந்தா மை மெல்லிசாப் பரவியிருக்கு. சளசளத்தா கூடிப்போச்சு, இழை இடுக்கெல்லாம் அடைச்சிடும். தண்ணி மை இந்த வெக்கைக்குச் சரிவராது, தாள் வைக்க முதலே காஞ்சிடும். எண்ணை மைதான். பிரஸ் இல்லாட்டியும் காரியமில்லை, மெல்லிய தாளை வைச்சு சிரட்டை அகப்பையின்ர முதுகால தேய்ச்சாக் காணும். அடியில என்ன நடக்குது எண்டு எனக்கும் தெரியாது, இடம் வலம் மாறித்தான் வரும்.

உரிக்கிறன்... பாருங்கோ! இந்த மூலையில இழை அறுந்த இடம் வெள்ளையா வந்திருக்கு. நான் நினைச்சு வைக்காத வெள்ளை. இனி அடுத்த தட்டை இதில இருந்துதான் யோசிக்கவேணும். எனக்கு இந்த வேலையில பெரிய சந்தோசமே இதுதான்.

மையோட மெனக்கெட்ட முந்தின ஆக்களையும் சொல்லவேணும். 1927இல ஸ்டான்லி வில்லியம் ஹேய்ட்டர் எண்ட அச்சுக் கலைஞர் பாரிஸில ஒரு அச்சுப் பட்டறை தொடங்கினவர். பிறகு அத்தலியே 17 எண்டு பேர் வந்தது. அத்தலியே எண்டா பிரெஞ்சில பட்டறை, 17 வீட்டு இலக்கம். ஆந்திராவில பிறந்து சாந்திநிகேதனில படிச்ச கிருஷ்ணா ரெட்டி அங்க போய், கைக்கோ மோத்தி எண்ட இன்னொரு கலைஞரோட சேர்ந்து ஒரு முறையை வளர்த்தெடுத்தவர். ஒரு மையில எண்ணை கூட, மற்றதில குறைய. ஒண்டு மற்றதை ஒட்டவிடாது. மெத்தென்ற ரோலர் தகட்டின்ர பள்ளத்துக்குள்ளயும் இறங்கும், கடினமானது மேட்டில மட்டும் படும். அப்ப ஒரே தகட்டில, ஒரே அழுத்தில பல நிறம் வரும். மையோட மெனக்கெட்டாத்தான் இப்பிடியொண்டு கைக்கு வரும். எங்கட மொழிக்காரர் ஒராளையும் தேடிப் பாருங்கோ: 1957இல தேவகோட்டையில பிறந்த ஆர். எம். பழனியப்பன், அருவ அச்சில பேர் எடுத்தவர்.

கடைசியா ஒண்டு. சோதனைக்கு எடுத்த தாளுகளை எறியாதேங்கோ. ஓரத்தில பென்சிலால திகதி எழுதி வையுங்கோ. நான் இந்தத் தட்டின்ர முதல் மங்கல் தாளில இருந்து இண்டைக்கு வந்தது வரைக்கும் எல்லாத்தையும் வரிசையா ஒரே பிரேமுக்குள்ள போடப்போறன். நல்லா வந்த ஒண்டை மட்டும் தனியாத் தாங்கோ எண்டு கேட்டா, குடுக்கமாட்டன்.