சந்தேகங்களுக்கு விளக்கம்: மின்னஞ்சல் பார்க்க எந்தக் கைபேசி?

வணக்கம். இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் ஒன்று இரண்டு நாள்களாக என்னை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. "எனக்கு வெளியில் அலையும் வேலை. போகிற இடத்தில் மின்னஞ்சல் பார்த்துப் பதில் போட வேண்டும். அதற்கு மேல் கைபேசியில் பெரிய தேவை இல்லை. கையில் இருக்கும் பணத்திற்குப் புதிதாக ஒரு சாதாரணக் கைபேசி வாங்கலாம். அதே பணத்திற்கு, ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் மிக உயர்ந்த விலையில் விற்ற ஒரு கைபேசி பழையதாகக் கிடைக்கிறது. எதை வாங்குவது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். புதிய சாதாரணக் கைபேசியையே வாங்குங்கள் என்பது என் விடை. ஆனால் அதிலும் ஒரு தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அது என்ன தேதி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தொடர்ந்து பார்த்துவரும் நேயர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் செய்தி நினைவிருக்கும்: உங்கள் அஞ்சல் கைபேசியில் இல்லை, சேவையகத்தில், அதாவது அஞ்சல் சேவை தரும் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. கைபேசி அதைப் பார்க்க உதவும் ஜன்னல் மட்டுமே. பாப் என்னும் பழைய முறையில் அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொண்டவுடன் சேவையகத்திலிருந்து அது பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிடும். ஐமேப் என்னும் முறையை மார்க் கிரிஸ்பின் என்னும் கணினி வல்லுநர் 1986இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியதன் நோக்கமே, அஞ்சல் சேவையகத்திலேயே இருக்க, எந்தக் கருவியிலிருந்து பார்த்தாலும் ஒரே நிலையில் தெரிய வேண்டும் என்பதுதான். கைபேசியில் படித்த அஞ்சல் கணினியிலும் படித்ததாகத் தெரிவது இதனால்தான். உங்கள் அலுவலகக் கணினி இன்னும் பாப் முறையில் அஞ்சலை எடுத்துக்கொண்டிருந்தால், கைபேசி வாங்குவதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கைபேசி வாங்கினாலும் பாதி அஞ்சல் அதில் தென்படாது.

அஞ்சல் சேவையகத்தில் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டால், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிற பல விஷயங்கள் நமக்குத் தேவையில்லை என்பது விளங்கும். எழுத்து மட்டும் உள்ள ஓர் அஞ்சல் சில கிலோபைட் அளவுதான்; ஜிமெயிலில் இணைப்புடன் அனுப்பக்கூடிய உச்ச அளவே 25 எம்பி. இதற்கு விலையுயர்ந்த, வேகமான சிப் வேண்டியதில்லை. 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது கைபேசி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) போதும். பெட்டியின் மேல் "4 ஜிபி கூட்டல் 4 ஜிபி" என்று போட்டிருந்தால் இரண்டாவது 4 ஜிபியை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அது சேமிப்பகத்தில் ஒரு பகுதியைக் கடன் வாங்கி ராம் போலப் பயன்படுத்துவது, உண்மையான ராமின் வேகம் அதற்கு வராது. மாறாக, யாரும் கேட்காத ஒன்றைக் கேளுங்கள்: சேமிப்பகம் இஎம்எம்சி வகையா, யுஎஃப்எஸ் வகையா? இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். யுஎஃப்எஸ் இரண்டையும் ஒன்றாகச் செய்யும். பின்னணியில் செயலிகள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது இணைப்பாக வந்த பிடிஎஃப் கோப்பைத் திறந்தால் கைபேசி திணறி நிற்பது பெரும்பாலும் இஎம்எம்சி உள்ளவற்றில்தான். விலையில் சிறிது கூடுதலாகப் போட முடியுமானால், நான் அந்தப் பணத்தைக் கேமராவில் போடாமல் இதில்தான் போடுவேன்.

இப்போது அந்தத் தேதிக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவர், ஒரு காலத்தில் எல்லோரும் ஆசைப்பட்ட கைபேசியைப் பழையதாக வாங்கினார். பளபளப்பான திரை, உலோக உடல், பார்க்கவே அழகு. ஒரு மாலை என்னிடம் கொண்டுவந்து, "கடவுச்சொல்லைச் சரியாகத்தான் போடுகிறேன், தவறு என்றே சொல்கிறது" என்றார். நானும் எழுத்து எழுத்தாகப் பார்த்துப் போட்டேன், அதே விடை. அதே கடவுச்சொல் கணினியில் உடனே திறந்தது. கடவுச்சொல்லில் பிழை எதுவும் இல்லை. அந்தக் கைபேசியோடு வந்த பழைய அஞ்சல் செயலிக்குப் பெயரும் கடவுச்சொல்லும் அனுப்பி உள்ளே நுழையும் முறை ஒன்றுதான் தெரியும். அவருடைய அஞ்சல் சேவையோ அந்த வழியை மூடியிருந்தது. இப்போது பெரிய சேவைகள் பலவும் இப்படித்தான். கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லோடு நுழையும் செயலிகளை நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 முதல் தனிநபர் அவுட்லுக் கணக்குகளுக்கும் அவ்வாறே செய்தது. நம் பாதுகாப்புக்காகச் செய்த நல்ல காரியம் அது. ஆனால் மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன கைபேசி இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றிலும் ஒரு படி பின்தங்கிப்போகிறது.

ஆகவே, வாங்கப்போகும் கைபேசியைக் கையில் வாங்கியவுடன் கேமராவைத் திறக்காதீர்கள். அமைப்புகளில் கைபேசியைப் பற்றிய பகுதிக்குப் போய், ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொடுங்கள். கீழே பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி தெரியும். ஓரிரு மாதத்திற்கு முந்தையது என்றால் நல்லது. ஓர் ஆண்டுக்கு முந்தையது என்றால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். அதோடு, தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் தேடிப் பாருங்கள். அந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. 2023இல் வந்த பிக்ஸல் 8க்குக் கூகுள் 7 ஆண்டுகள் அறிவித்தது. விலை குறைந்த வரிசையிலேயே 2024இல் வந்த கேலக்ஸி ஏ16க்குச் சாம்சங் 6 ஆண்டுகள் அறிவித்தது. ஆனால் நேயர் சொல்லும் ஏழெட்டு ஆண்டுப் பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளின் காலத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் கொடுத்தாலே பெரிது. அவற்றின் தேதி முடிந்து நெடுநாளாயிற்று. பேட்டரியும் தேய்ந்திருக்கும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குறை, புதிய கைபேசிகளிலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சல் உடனே வராமல், கைபேசியைத் திறந்தவுடன் பத்தும் பதினைந்துமாக மொத்தமாக வந்து விழும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் திரை அணைந்து கிடக்கும் கைபேசி பேட்டரியைக் காக்க உறக்கத்திற்குப் போய்விடுகிறது. அப்போது செயலிகள் இணையத்தைத் தொட அவ்வப்போதுதான் அனுமதி. ஜிமெயில் போன்றவை கூகுளின் பொது அறிவிப்பு இணைப்பு வழியாக எழுப்பப்படுவதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். தனியாக ஐமேப் இணைப்பை வைத்திருக்கும் செயலிகளுக்கு அந்த வசதி இல்லை. அவை 29 நிமிடத்திற்கு ஒருமுறையாவது சேவையகத்தோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், உறங்கும் கைபேசியில் அது தவறிப்போகிறது. சில தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடுகளைச் சேர்க்கிறார்கள். இதற்காக வேறு கைபேசி வாங்க வேண்டாம்: அமைப்புகளில் உங்கள் அஞ்சல் செயலியைத் திறந்து, பேட்டரிப் பகுதியில் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். அந்த ஒரு செயலிக்கு மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் செய்தால் மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

திரையைப் பற்றி ஒரு வரி: நடுப்பகல் வெயிலில் நின்று எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள், உள்ளே விளக்கடியில் எல்லாத் திரையும் நன்றாகவே தெரியும்.

நேயர் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்பிய கேள்வி ஒன்று உண்டு. அலைந்து திரியும்போது அந்தக் கைபேசி தொலைந்துபோனால்? இணையக் கடை முதல் சமூக வலைத்தளம் வரை, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதியதற்கான வழி வந்து சேருவது பெரும்பாலும் உங்கள் அஞ்சல் பெட்டிக்குத்தான். அஞ்சல் பெட்டி கையில் கிடைத்தவருக்கு மற்றவற்றின் சாவியும் கிடைத்துவிடுகிறது. எனவே கைபேசி வந்த அன்றே, அஞ்சல் கணக்கைச் சேர்ப்பதற்கு முன்னால், திரைக்குப் பூட்டுப் போடுங்கள். பூட்டிய திரையில் அஞ்சலின் உள்ளடக்கம் காட்டப்படாமல் மறையுங்கள். பிறகு கணினியில் உங்கள் கணக்கைத் திறந்து, இரண்டாம் படிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு சான்றும் கேட்பதை) இயக்கி, அது தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். அந்தக் குறியீடுகளைக் கைபேசியிலேயே படமெடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். கைபேசி போகும்போது அவையும் சேர்ந்தே போய்விடும். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். புதிய கைபேசியின் பெயர் அங்கே எப்படித் தெரிகிறது, அதை வெளியேற்றும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இப்போதே ஒருமுறை பார்த்து வையுங்கள். அதே பட்டியலில் உங்கள் பழைய கைபேசியும் நிற்கும். அதை விற்பதற்கோ யாரிடமாவது கொடுப்பதற்கோ முன் அங்கிருந்து வெளியேற்றிவிடுங்கள்.