டீச்சர் வேலையை விடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்த நான், இப்போது சென்னையில் ஒரு இ-லேர்னிங் கம்பெனியில் பாடங்களை வடிவமைக்கிறேன். வேலை மாறலாமா என்று யோசிக்கிற ஆசிரியர்களுக்குத்தான் இந்த வீடியோ.

முதலில் கிராஜுவிட்டி, அதாவது பல வருடம் வேலை பார்த்துவிட்டு விலகும்போது நிர்வாகம் தரவேண்டிய பணிக்கொடை. தனியார் பள்ளியில் இருப்பவர்கள் பலர் அது நமக்குக் கிடையாது என்றே நினைக்கிறார்கள். 2004-ல் உச்ச நீதிமன்றம், ஆசிரியர்கள் கிராஜுவிட்டி சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று சொன்னது உண்மைதான். ஆனால் 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, 1997 ஏப்ரல் 3-லிருந்து ஆசிரியர்களையும் சேர்த்துவிட்டது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் கேட்கலாம். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் டி.ஏ.வையும் (அகவிலைப்படி) கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருடக் கணக்கால் பெருக்குங்கள். 26,000 ரூபாய், 8 வருடம் என்றால் 1,20,000 ரூபாய். அது நிர்வாகம் மனமிரங்கித் தருகிற பணம் இல்லைங்க, உங்கள் உழைப்பு. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். புது கம்பெனியில் அதே யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மொத்த சர்வீஸ் 10 வருடம் ஆகியிருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. அப்புறம், ஒரிஜினல் சான்றிதழ்கள். சேரும்போதே வாங்கிப் பூட்டி வைக்கிற பள்ளிகள் இருக்கின்றன. என்னுடையதைத் திரும்ப வாங்க நான் நடையாய் நடந்தேன். ஆசிரியரை நம்பாத இடம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித்தரும்? இன்னும் கோபம் வருகிறது.

சரி, ரெஸ்யூமே. "பாடம் நடத்தினேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க், எளிய கேள்வி எவ்வளவு, கடினமானது எவ்வளவு என்று வினாத்தாளுக்கு ப்ளூபிரிண்ட் போட்டிருப்பீர்கள். தேர்வு தயாரிக்கிற கம்பெனிகள் அதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. லென்ஸ் விதியில் (Lenz's law, கண்ணாடி லென்ஸ் இல்லை; காந்தப்புலம் மாறும்போது உண்டாகும் மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்கிற விதி) பிள்ளைகள் மின்னோட்டத்தின் திசையை எந்த இடத்தில் கோட்டைவிடுவார்கள் என்பது வகுப்பில் நின்றவருக்குத்தான் தெரியும். என் இப்போதைய வேலையே அந்த அறிவில்தான் ஓடுகிறது. எதிரே பிள்ளைகள் முகம் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை.

ஆயிரக்கணக்கில் கட்டி கோர்ஸ் சேர்வதற்கு முன், நீங்கள் நன்றாக எடுக்கிற ஒரே ஒரு பாடத்தை பவர்பாயிண்ட்டில் ஸ்டோரிபோர்டாகச் செய்து பாருங்கள். திரையில் என்ன தெரியும், குரல் என்ன சொல்லும், மாணவர் தப்பான விடையைத் தொட்டால் அடுத்து என்ன வரும், எல்லாவற்றையும் எழுதுங்கள். இன்டர்வியூவில் என்னிடம் அதிக நேரம் கேட்டது அந்தத் தப்பான விடைகளைப் பற்றித்தான்.