படிக்கட்டில் நின்றவர்

வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

'தி ஃப்யூஜிடிவ்' என்கிற பழைய அமெரிக்க டிவி தொடரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், உள்ளே வரும்போதே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், அந்த ஒற்றைக்கை ஆளைப் பற்றித்தானே என்று. அவனைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது இன்னொருவரைப் பற்றி. நான்கு பருவங்கள், 120 அத்தியாயங்கள் ஓடிய அந்தத் தொடரில், முடிவு வரும் வரைக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்றே பார்வையாளர்களுக்குத் தெரியாது. பெயர் லாய்ட் சாண்ட்லர். பக்கத்து வீட்டுக்காரர். ஹெலன் கிம்பிள் கொலையான இரவில் அந்த வீட்டுப் படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். பார்த்துவிட்டு வாயே திறக்காதவர்.

தொடரைப் பார்க்காதவர்களும் இங்கே இருப்பீர்கள், அதனால் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஸ்டாஃபோர்டு என்று ஓர் ஊர், கற்பனை ஊர்தான். அங்கே ரிச்சர்ட் கிம்பிள் என்கிற குழந்தை மருத்துவர். அவருக்கும் ஹெலனுக்கும் குழந்தை இறந்தே பிறக்கிறது, இனிமேல் குழந்தைக்கு வழியில்லை என்றும் ஆகிவிடுகிறது. தத்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். அவள் மாட்டேன் என்கிறாள். ஒரு ராத்திரி அந்தப் பேச்சு பெரிய சண்டையாகி, மனது ஆறாமல் அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். போன இடத்தில், ஓர் ஏரியில், ஒரு பையன் படகில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். இவர் அவனைப் பார்க்கிறார், அவன் இவரைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது வீட்டிலிருந்து ஓடிவந்த ஒருவன் கார் வெளிச்சத்தில் அகப்படுகிறான், அவனுக்கு ஒரு கை இல்லை. உள்ளே போனால் ஹெலன் செத்துக் கிடக்கிறாள்.

அந்தப் பையனை மறந்துவிடாதீர்கள். அவன் ஒரு தரம் தலையைத் திருப்பியிருந்தால் கிம்பிளுக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கும். சாட்சி சொல்லக்கூடியவன் பார்க்கவில்லை, பார்த்தவர் சாட்சி சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு மனிதன் மாட்டிக்கொண்டான்.

ஒற்றைக்கை ஆளின் கதையை நீதிமன்றத்தில் யாரும் நம்பவில்லை. மரண தண்டனை. தண்டனையை நிறைவேற்ற ரயிலில் கொண்டு போகிறார்கள். தொடரின் தொடக்கத்தில் வாராவாரம் அந்த ரயில் காட்சியைக் காட்டுவார்கள். போலீஸ் லெப்டினன்ட் ஜெரார்டின் பக்கத்தில் கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கும் கிம்பிள் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார். கடைசியாக உலகத்தைப் பார்க்கும் பார்வை, ஆனால் வெளியே ஒன்றுமே தெரிவதில்லை, ஒரே இருட்டு. அந்த இருட்டில் ரயில் தடம் புரள்கிறது. அவர் தப்புகிறார். அன்றிலிருந்து ஒருபக்கம் அவர் ஒற்றைக்கை ஆளைத் தேடிக்கொண்டு போக, இன்னொரு பக்கம் ஜெரார்டு அவரைத் தேடிக்கொண்டு வருகிறார்.

இதை யோசித்தவர் ராய் ஹக்கின்ஸ். கௌபாய் கதைகளில் ஊர் ஊராகத் திரிகிற நாயகன் இருப்பானே, அப்படி ஒருவனை இந்தக் காலத்து அமெரிக்காவில் உலவவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆனால் இந்தக் காலத்தில் ஒருவன் வீடு, வேலை, சொந்தம் எதுவும் இல்லாமல் அலைந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அந்தக் காரணத்தைத் தேடிப் போன இடத்தில்தான் செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்ற டாக்டர் கிடைத்தார். ஹக்கின்ஸ் இதைச் சொன்னபோது பலருக்கும் பிடிக்கவில்லை. சட்டம் தவறு செய்துவிட்டது, போலீஸுக்குப் பயந்து ஓடுகிறவன்தான் நல்லவன் என்று வாராவாரம் வீட்டுக் கூடத்தில் காட்டுவதா, இது நம் நீதி முறையையே அவமதிப்பதாகாதா என்று கொதித்தார்கள். ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் துணிந்து எடுத்துக்கொண்டது. குவின் மார்ட்டின் தயாரித்தார். 1963 செப்டம்பர் 17 அன்று முதல் அத்தியாயம் வந்தது. முதல் மூன்று பருவங்கள் கறுப்பு வெள்ளை, நான்காவது வண்ணம். என்னைக் கேட்டால் கறுப்பு வெள்ளையில்தான் அந்த பஸ் நிலையங்களுக்கும் மலிவான விடுதி அறைகளுக்கும் உயிர் இருக்கிறது. வண்ணம் வந்ததும் ஏதோ ஒரு குளிர் போய்விட்டது.

கிம்பிளாக நடித்தவர் டேவிட் ஜேன்சன். அந்த நடிப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். யாராவது பேசினால் நிமிர்ந்து பார்க்கமாட்டார், கண் முதலில் கதவுக்குப் போகும், அப்புறம் பேசுகிறவரின் கைக்குப் போகும், கடைசியில்தான் முகத்துக்கு வரும். சிரிப்பு வாயின் ஒரு ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விடும். பெயரைக் கேட்டால் பதில் வருவதற்கு முன்னால் மிகச் சின்ன ஒரு தயக்கம், ஏனென்றால் இந்த ஊருக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டோம் என்று ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். முதல் அத்தியாயத்தில், அரிசோனாவின் டூசான் நகரத்தில் அவர் ஜிம் லிங்கன். நரைத்த முடிக்குக் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார். ஒரு மதுக்கடையில் பரிமாறும் வேலை. நேற்று வரை குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த கை அது.

அந்தக் கைதான் அவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். எங்கேயாவது ஒரு குழந்தை மயங்கி விழும், யாருக்காவது ரத்தம் கொட்டும். ஒதுங்கிப் போய்விட்டால் பிழைத்தார். ஆனால் அவரால் முடியாது. போய் நாடி பார்த்துவிடுவார். கட்டு போட்ட விதத்தைப் பார்த்து, இது கூலிக்காரன் போட்ட கட்டு மாதிரி இல்லையே என்று யாராவது யோசிக்க ஆரம்பித்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஜெரார்டின் மனைவி மேரி வருகிற இரண்டு பாக அத்தியாயம் ஒன்று உண்டு. பஸ் விபத்தில் அவளுக்குக் கண் தெரியாமல் போகிறது. அவளைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போவது கிம்பிள். அவள் யாரென்று முதலில் அவருக்குத் தெரியாது, தன்னைக் கூட்டிப்போகிறவர் யாரென்று அவளுக்கும் தெரியாது. தன்னைப் பிடித்துக் கொடுக்கத் துடிப்பவனின் மனைவி என்று தெரிந்திருந்தாலும் அவர் அந்தக் கையை விட்டிருக்கமாட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நான்கு பருவங்களிலும் கிம்பிளை எத்தனை பேர் நம்பினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பண்ணையில் வேலை செய்கிறவர்கள், விதவைகள், லாரி ஓட்டுகிறவர்கள், சின்னப் பிள்ளைகள். இவர்களில் யாரும் அந்த இரவில் ஸ்டாஃபோர்டில் இல்லை. யாரிடமும் ஆதாரம் கிடையாது. இரண்டு நாள், மூன்று நாள் பழகியிருப்பார்கள், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு போலீஸிடம் பொய் சொல்கிறார்கள், பின்கதவைத் திறந்துவிடுகிறார்கள், சாப்பாடு கட்டிக்கொடுக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அதுவே குற்றம், தெரிந்துதான் செய்கிறார்கள். அத்தாட்சியே இல்லாமல் இத்தனை பேர் தங்கள் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், முழு அத்தாட்சியும் கையில் இருந்த ஒரே ஒருவர் ஸ்டாஃபோர்டில் மதிப்பும் மரியாதையுமாக வாழ்ந்துகொண்டிருந்தார்.

ஜெரார்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அவரை வில்லன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பேரி மோர்ஸ் அவரைக் கெட்டவராக நடிக்கவே இல்லை. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை, தீர்ப்பை நிறைவேற்றுவது என் வேலை, என் காவலிலிருந்து ஒருவன் போய்விட்டான், அவனைக் கொண்டுவர வேண்டும். இதுதான் அவர். இரண்டாம் பருவத்தில் ஓர் அத்தியாயம் வருகிறது. கிம்பிளைத் துரத்திக்கொண்டு ஜெரார்டு கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களின் காட்டுப் பகுதிக்குள் தனியாக நுழைகிறார், போலீஸ் கால் வைக்காத இடம் அது. அங்கே ஒரு பெண் தாக்கப்படுகிறாள். பக்கத்தில் இருந்தவர் ஜெரார்டு. நான் செய்யவில்லை என்கிறார். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அவர்களே விசாரணை, அவர்களே தீர்ப்பு. அந்தக் கூட்டத்தில் கிம்பிளும் நிற்கிறார். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை காத்திருக்கும்போது ஒரு மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று அந்த இடத்தில் அவருக்குத்தான் தெரியும், இப்போது அதை ஜெரார்டின் முகத்தில் பார்க்கிறார். அங்கிருந்து அவரைக் காப்பாற்றுவதும் கிம்பிள்தான். அதற்குப் பிறகாவது துரத்தல் நின்றதா என்றால் இல்லை. ஜெரார்டுக்கு உள்ளுக்குள் ஏதோ அசைந்திருக்கும், ஆனால் அசைந்ததை வைத்துக்கொண்டு ஒரு கைதியை விடுவிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. சாட்சி வேண்டும்.

இதை வெறும் கதை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதே அமெரிக்காவில், ஒஹையோ மாநிலம் பே வில்லேஜில், 1954 ஜூலை 4 அதிகாலையில் டாக்டர் சாம் ஷெப்பர்டின் மனைவி மேரிலின் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டாள். கர்ப்பிணி. வீட்டுக்குள் வேறொருவன் இருந்தான், அவனோடு மல்லுக்கட்டினேன் என்றார் ஷெப்பர்டு. யாரும் நம்பவில்லை. விசாரணை தொடங்குவதற்கு முன்பே பத்திரிகைகள் தீர்ப்பு எழுதிவிட்டன, இவரை ஏன் இன்னும் சிறையில் போடவில்லை என்று தலைப்பிலேயே கேட்டார்கள். ஜூரிக்காக அழைக்கப்பட்டவர்களின் பெயரும் முகவரியும் செய்தித்தாளில் வந்தன. நீதிமன்றத்துக்குள்ளே, வழக்கறிஞர்கள் உட்காரும் இடத்துக்கு ஒட்டியே நிருபர்களுக்கு மேஜை போட்டிருந்தார்கள். ஆயுள் தண்டனை. ஏறக்குறைய பத்து வருடம் உள்ளே. 1966 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்த நவம்பரில் மறு விசாரணையில் விடுதலை. 1970இல் 46 வயதில் இறந்துபோனார். கிம்பிளின் கதை இந்த வழக்கிலிருந்து எடுத்ததல்ல என்று ஹக்கின்ஸ் கடைசி வரை மறுத்தார். அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்த்தார்கள், அதைத் தடுக்க யாராலும் முடியாது.

இப்போது முடிவுக்கு வருவோம். அந்தக் காலத்தில் தொடர்களுக்கு முடிவு என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது, ஒரு வாரம் வரும், அடுத்த வாரம் வராது, அவ்வளவுதான். இதற்கு மட்டும் இரண்டு பாகமாக ஒரு முடிவு எடுத்தார்கள். 1967 ஆகஸ்ட் 22, 29. இரண்டாம் பாகத்தை அமெரிக்காவில் பார்த்தவர்கள் ஏழு கோடியே எண்பது லட்சம் பேர் என்று கணக்கு. அந்த நேரத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் 72 சதவீதம்.

முடிவில் ஒற்றைக்கை ஆள் ஃப்ரெட் ஜான்சன் மாட்டுகிறான். நடித்தவர் பில் ராய்ஷ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பலில் தீயை அணைக்கப் போய் வலது கையை இழந்தவர், அதற்கு முன்னால் மேடை நடனக்காரர். நியாயமாகப் பார்த்தால் தொடர் முழுக்க நாம் தேடிய ஆள் அவன்தான். ஆனால் அவனைப் பார்க்கும்போது நமக்குக் கோபம்கூடப் பெரிதாக வருவதில்லை, திருட வந்தவன், மாட்டிக்கொள்வோம் என்று பயந்து கையில் கிடைத்த விளக்கால் அடித்தவன். படிக்கட்டுக் காட்சி வரும்போதுதான் நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

சண்டைக்குப் பிறகு ஹெலன் சாண்ட்லரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வந்திருக்கிறார். திருடன் நுழைந்தபோது அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். கீழே ஒருத்தி அடிபட்டுச் சாகிறாள், இவர் படியில் நிற்கிறார், நாலு எட்டு வைத்தால் போதும், கால் அசையவில்லை. இவர் யார் தெரியுமா? போரில் வீரத்துக்காக வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வாங்கியவர். ஊரே வீரன் என்று சொல்கிற மனிதர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாரம் சும்மா இருந்தார், அப்புறம் வழக்கு முடிகிற வரைக்கும் சும்மா இருந்தார், தூக்கிலே போடுகிற மாதிரித் தீர்ப்பு வந்த பிறகும் சும்மா இருந்தார். பயத்தில் உறைந்து நின்றதை நான் மன்னித்துவிடுவேன், அது யாருக்கும் வரும். அடுத்த நாள் காலையில் எழுந்து, பல் தேய்த்து, காபி குடித்துவிட்டு வேலைக்குப் போனாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூடிக் கிடக்கிற ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், உயரமான கோபுரத்தின் மேல் கிம்பிளும் ஜான்சனும் கட்டிப் புரள்கிறார்கள். நான்தான் கொன்றேன் என்று அவன் சொல்லிவிடுகிறான், கேட்டது கிம்பிள் மட்டும். கிம்பிளின் உயிர் போகப்போகிற நேரத்தில் கீழேயிருந்து சுடுகிறவர் ஜெரார்டு. ஜான்சன் விழுந்து சாகிறான். கிம்பிள் இறங்கி வருகிறார். தேடிய ஆள் கிடைத்துவிட்டான், ஒப்புக்கொண்டும்விட்டான், ஆனால் செத்துப்போனவன் நீதிமன்றத்துக்கு வரமாட்டான். இவ்வளவு ஓடியும் மறுபடியும் அதே இடம், ஏரிக்கரைப் பையன் திரும்பிப் பார்க்காத அதே இடம். அப்போது சாண்ட்லர் முன்னால் வருகிறார். நான் சாட்சி சொல்கிறேன் என்கிறார்.

அவ்வளவுதான், அந்த ஒரு வாக்கியம். சொல்வதற்கு எத்தனை விநாடி ஆகும்?

நீதிமன்றத்துக்கு வெளியே ஜெரார்டு கை நீட்டுகிறார். கிம்பிள் அந்தக் கையைப் பார்க்கிறார், அப்புறம் பிடிக்கிறார். இந்த முறை விலங்கு இல்லை. படியிறங்கி, ஜீன் என்கிற பெண்ணோடு நடக்க ஆரம்பிக்கிறார், கடைசி நேரத்தில் அவருக்குத் துணை நின்றவள் அவள். தீர்ப்பு வந்தாகிவிட்டது, இனி யாரும் அவரைப் பிடிக்க முடியாது, அது அவருக்கே தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ் கார் வந்து பக்கத்தில் நிற்கிறது. அவர் உடம்பு விறைத்துப் பின்வாங்குகிறது.