இடிக்கப்போகிற வீட்டுக்கு ஓடு மாற்றலாமா?

(பெங்களூரு அல்சூரில் தமிழ் நண்பர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். அல்சூரில் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். மழைக்கு ஒழுகுகிறது. மகனோ, "அடுத்த வருஷம் இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டலாம்ப்பா" என்கிறான். ஓடு மாற்றுவீர்களா? தார்ப்பாய் போடுவீர்கள். அப்படியே பத்து வருஷம் ஓடிவிடும்.

திரும்பத் திரும்பப் பறக்கும் அமெரிக்காவின் விண்வெளி ஓடத்துக்கு நடந்தது இதுதான். 1981இல் பறக்கத் தொடங்கியது. 90களில் அதற்கு மாற்றாக ஒன்றைக் கொண்டுவர எக்ஸ்-33 என்ற சோதனைத் திட்டத்தில் இறங்கினார்கள். புதுசு வரும்போது பழசுக்கு எதற்குச் செலவு? பத்தாண்டில் ஓடத்துக்கான நிதியின் வாங்கும் சக்தி 40 விழுக்காடு குறைந்தது என்று 2003இல் சிதறிய கொலம்பியா ஓடத்தின் விபத்தை விசாரித்த குழு எழுதியது. எக்ஸ்-33 பறக்கவே இல்லை, 2001இல் கைவிட்டார்கள்.

மேம்பாடே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2000இல் அட்லாண்டிஸ் என்ற ஓடம், பழைய முள் மீட்டர்களுக்குப் பதில் 11 வண்ணத் திரைகளோடு பறந்தது. ஆனால் நச்சு எரிபொருளான ஹைட்ரசினில் ஓடும் துணை ஆற்றல் பொறிகளை மின்கலத்துக்கு மாற்றும் திட்டம், செலவு ஏறியதும் நின்றுபோனது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் அவசரமாகப் படுகிறது. 2002இல் இன்னொரு கூத்து. ஓடத்தை மேலே தள்ளும் பூஸ்டர்களைச் சோதிக்கும் கருவிக்காக, 8086 என்ற பழைய கணினிச் சில்லுகளை நாசா இணையத்தில் தேடி வாங்கியது. நாம் உதிரிபாகம் தேடி இங்கே எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குவோமே, அதே கதைதான்!

ரஷ்யர்கள் ஆட்களை அனுப்பும் சோயுஸ் விண்கலம் வேறு மாதிரி. ஒவ்வொரு கலமும் ஒரே முறைதான் பறக்கும். அதனால் மேம்பாட்டுக்கென்று பழைய கலத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. அடுத்து கட்டுவதில் மாற்றினால் போதும். 2010இல் கணினி உட்படப் பல பழைய கருவிகளை மாற்றிச் சுமார் 70 கிலோ எடையைக் குறைத்தார்கள். ராகேஷ் சர்மா 1984இல் போன அதே குடும்பக் கலம் இன்றும் பறக்கிறது.

அமெரிக்கர்களும் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். முன்கூட்டியே உதிரிக் கட்டமைப்புகளைச் செய்து வைத்திருந்தார்கள். 1986இல் சேலஞ்சர் ஓடம் வெடித்தபிறகு, அவற்றைக் கொண்டுதான் எண்டெவர் என்ற புது ஓடம் உருவாகி 1992இல் பறந்தது.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்கு வருகிறேன். 2024இல் அதன் ஒதுக்கீடு 20,193 கோடி ரூபாயாக உயர்ந்தது. விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் அதில் அடக்கம். நான் கேட்பது அந்தக் கணக்கில் இன்னொரு தலைப்பு: உதிரிகளுக்கும், பத்து வருஷம் கழித்துச் செய்யும் மாற்றங்களுக்கும் தனி நிதி. கலம் எந்த வருஷம் ஓய்வு பெறும் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். தேதி தள்ளிப்போனால் போகட்டும். அப்போது கணக்கையும் கூடவே திருத்த வேண்டிவரும் அல்லவா?

சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.